பராமரிப்பு ஒப்பந்தங்களில் வரும் நம்பகச் சொற்கள்

ஓர் ஆண்டில் 8,760 மணி நேரம் உண்டு. “யந்திரம் ஆண்டில் 95 சதவீத நேரம் இயங்கு நிலையில் இருத்தல் வேண்டும்” என்று ஒரு பராமரிப்பு ஒப்பந்தம் கூறுமாயின், எஞ்சிய 5 சதவீத நேரம், அதாவது 438 மணி, அந்த யந்திரம் முடங்கிக் கிடக்க அவ்வொப்பந்தமே அனுமதி தருகிறது. 438 மணி என்பது 18 நாளும் 6 மணியும் ஆகும். தேர்வு மதிப்பெண்களைக் கேட்டுப் பழகிய செவிக்கு 95 என்பது மிக உயர்ந்த எண்ணாகவே ஒலிக்கும். பதினெட்டு நாள் எக்ஸ்ரே எடுக்க இயலாத மருத்துவமனையின் வாயிலில் நிற்பவருக்கு அவ்வாறு ஒலிப்பதில்லை.

மத்திய அரசின் தேசிய சுகாதார இயக்கத்தின் கீழ் 2015-ஆம் ஆண்டில் மருத்துவ உபகரணங்களின் பராமரிப்புக்கென ஒரு திட்டம் தொடங்கப் பெற்றது. அதன் முதற்படியாகப் பல மாநிலங்களில், 29,000-க்கும் மேற்பட்ட அரசு மருத்துவ நிலையங்களில், ஏழரை லட்சத்துக்கும் அதிகமான உபகரணங்கள் கணக்கெடுக்கப்பட்டன. மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டு, அவற்றுள் 13 முதல் 34 சதவீதம் வரை இயங்காத நிலையில் இருந்தமை தெரிய வந்தது. இந்நிலையை மாற்றும் பொருட்டு அத்திட்டம் மூன்று இலக்குகளை விதித்தது: மாவட்ட மருத்துவமனைகளில் 95 சதவீதம், சமுதாய சுகாதார நிலையங்களில் 90 சதவீதம், ஆரம்ப சுகாதார நிலையங்களில் 80 சதவீதம் இயங்கு நேரம் உறுதி செய்யப்படல் வேண்டும் என்பதே அது.

இவ்விலக்குகளை நாட்களாக மாற்றிப் பார்த்தல் நன்று. 90 சதவீதம் எனில் ஆண்டில் 36 நாளும் 12 மணியும் முடங்கலாம். 80 சதவீதம் எனில் 73 நாட்கள். நகரிலிருந்து பழுது பார்ப்பவர் சிற்றூருக்குச் சென்று சேர நேரமாகும் என்பதால் இவ்வேறுபாடு வைக்கப்பட்டதெனக் கொள்ளலாம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. எனினும், மாவட்ட மருத்துவமனையில் ஒரு கருவி நின்றால் பக்கத்து அறையில் மற்றொன்று இருக்கக்கூடும். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெரும்பாலும் அந்த ஒன்றே உண்டு. மாற்று இல்லாத இடத்துக்கே நீண்ட முடக்கம் அனுமதிக்கப்படுகிறது என்பதை அங்குப் பணியாற்றுவோர் அறிந்திருத்தல் அவசியம்.

ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவோர் தலைமை அலுவலகத்தில் உள்ளவர்கள். ஆனால் அவ்வொப்பந்தத்தின் சொற்கள் மெய்யாகின்றனவா என்பதை அளப்பவர் களத்தில் உள்ள செவிலியரும், மருந்தாளரும், பண்டகக் காப்பாளரும், பள்ளி ஆசிரியருமே ஆவர். அவர்கள் எழுதும் ஏட்டைக் கொண்டே தொகை வழங்கப்படுகிறது, அல்லது பிடித்தம் செய்யப்படுகிறது. ஆகவே அச்சொற்களின் பொருளை அவர்கள் நன்கு தெரிந்துகொள்வது ஒப்பந்தம் எழுதுவோர் தெரிந்துகொள்வதிலும் முக்கியமானதாகும்.

இரு வேறு கேள்விகள்

ஒரு யந்திரத்தைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்கலாம். அது எத்தனை முறை பழுதாகிறது என்பது ஒன்று. பழுதானால் எவ்வளவு நேரத்தில் மீண்டும் ஓடுகிறது என்பது மற்றொன்று. முதற்கேள்விக்கு விடை கூறுவது நம்பகத்தன்மை. அறிவியலில் அதற்குத் திட்டமான ஓர் இலக்கணம் உண்டு: குறிப்பிட்ட சூழ்நிலையில், குறிப்பிட்ட காலம் வரை, ஒரு சாதனம் தனக்குரிய வேலையைப் பழுதின்றிச் செய்வதற்கான நிகழ்தகவே அதன் நம்பகத்தன்மையாகும். இரண்டு விடைகளையும் சேர்த்துக் கூறுவது இயங்கு விகிதம். ஒப்பந்தங்களில் ‘அப்டைம்’ என்று எழுதப்படுவது இந்த இயங்கு விகிதமே அன்றி நம்பகத்தன்மை அன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதிலிருந்தே பல தகராறுகள் பிறக்கின்றன.

நம்பகத்தன்மையை அளந்து கூறும் முறை பெரும்பாலும் இராணுவத் தேவையிலிருந்து வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் பயன்பட்ட வானொலி, ராடார் முதலிய மின்னணுச் சாதனங்கள் ஓயாது பழுதானமையால், அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1952-இல் இதற்கென ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்தது. அக்குழு 1957-இல் அளித்த அறிக்கைக்குப் பின்னரே, ‘நன்றாக உழைக்கும்’ என்ற வாய்மொழிக்குப் பதிலாக, இத்தனை மணிக்கு இத்தனை பழுது என்ற எண்ணைக் கொள்முதல் ஒப்பந்தத்தில் எழுதும் வழக்கம் வேரூன்றியது.

பழுதுகளுக்கு இடைப்பட்ட சராசரிக் காலத்தை எம்.டி.பி.எஃப். என்றும், பழுதைச் சீராக்க ஆகும் சராசரிக் காலத்தை எம்.டி.டி.ஆர். என்றும் சுருக்கி எழுதுவர். ஓர் உதாரணம் கொள்வோம். ஒரு யந்திரம் ஓராண்டில் மூன்று முறை நின்றது. மூன்றும் சேர்ந்து 240 மணி நேரம் வீணாயிற்று. இயங்கிய நேரம் 8,760-இலிருந்து 240 போக 8,520 மணி. இதை மூன்றால் வகுக்க, எம்.டி.பி.எஃப். 2,840 மணி. 240-ஐ மூன்றால் வகுக்க, எம்.டி.டி.ஆர். 80 மணி. இயங்கு விகிதம் காண, 2,840-ஐ 2,840-உம் 80-உம் சேர்ந்த 2,920-ஆல் வகுத்தல் வேண்டும். விடை 97.26 சதவீதம்.

இக்கணக்கிலிருந்து தெரிவது யாதெனில், ஒரே இயங்கு விகிதத்தை இரண்டு முற்றிலும் வேறான யந்திரங்கள் அடைய முடியும். ஒன்று ஆண்டில் ஒரே முறை நின்று பதினெட்டு நாள் கிடக்கும். மற்றொன்று இருபது நாளைக்கு ஒரு முறை நின்று ஒரே நாளில் சரியாகும். இரண்டும் 95 சதவீதமே. கண் அறுவைச் சிகிச்சை நடக்கும் அரங்கில் இருபது நாளைக்கு ஒரு முறை நிற்கும் விளக்கை எவரும் ஏற்கமாட்டார். நிகழ்ச்சி நடுவில் அணைவது ஒரு முறையே ஆயினும் கேடு. மாறாக, துணி வெளுக்கும் யந்திரம் அடிக்கடி நின்று உடனே ஓடினால் பெரிய இழப்பில்லை. பதினெட்டு நாள் தொடர்ந்து நின்றால் படுக்கை விரிப்பே இராது. ஆகவே நல்ல ஒப்பந்தம் சதவீதத்தோடு நிற்பதில்லை. ஆண்டில் எத்தனை பழுதுகளுக்கு மேல் ஆகலாகாது, ஒரு முடக்கம் எத்தனை மணிக்கு மேல் நீளலாகாது என்ற இரண்டு எல்லைகளையும் தனித்தனியே எழுதும்.

எம்.டி.பி.எஃப். பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உள்ளது. விளம்பரத் தாளில் 50,000 மணி என்றிருந்தால், வாங்கிய கருவி ஏறக்குறைய ஐந்தே முக்கால் ஆண்டு பழுதின்றி ஓடும் என்று பலர் நம்பிவிடுகின்றனர். அது அவ்வாறன்று. பழுது நேரும் வாய்ப்பு எப்போதும் ஒரே அளவில் உள்ளது எனக் கொண்டால், ஒரு கருவி தன் எம்.டி.பி.எஃப். காலம் முழுவதையும் பழுதின்றிக் கடக்கும் நிகழ்தகவு 37 சதவீதமே. அவ்வெண் ஒரு கூட்டத்தைப் பற்றியது. தனியொரு கருவியின் ஆயுள் அன்று. ஒரு மாவட்டத்தில் அத்தகைய கருவிகள் நூறு ஓயாது ஓடுமானால், ஆண்டில் அவை ஓடும் மொத்த நேரம் 8,76,000 மணி. அதை 50,000-ஆல் வகுக்க, ஆண்டுக்குப் பதினேழு அல்லது பதினெட்டுப் பழுதுகளை எதிர்பார்க்க வேண்டும். மாவட்ட அலுவலர் உதிரி பாகங்களை வாங்கி வைப்பதற்கு இந்தக் கணக்கே உதவும்.

மேலும், பழுதின் வாய்ப்பு உண்மையில் எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. புதிய கருவியில் தொடக்க மாதங்களில் உற்பத்திக் குறைகள் வெளிப்படும். பின்னர் நெடுங்காலம் அமைதி. முடிவில் தேய்மானத்தால் பழுதுகள் பெருகும். இவ்வளைவு குளியல் தொட்டியின் வடிவில் இருப்பதால் அப்பெயராலேயே வழங்குகிறது. தொடக்கக் குறைகள் வாரண்டிக் காலத்துக்குள் அடங்கிவிடும். அக்காலத்தில் விற்றவர் இலவசமாகவே பராமரிக்கக் கடமைப்பட்டவர். கட்டணப் பராமரிப்பு அதன் பின்னரே தொடங்க வேண்டும் என்று மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017, நினைவூட்டுகின்றன. வாரண்டி முடியுமுன் பராமரிப்புக் கட்டணம் செலுத்துவது ஒரே பணிக்கு இருமுறை விலை கொடுப்பதாகும்.

பின்னத்தின் பகுதி

சதவீதம் என்பது ஒரு பின்னம். அதன் தொகுதியைக் காட்டிலும் பகுதியைக் கவனிப்பதே அறிவுடைமை.

ஒரு சுகாதார நிலையத்தில் புறநோயாளர் பிரிவு நாளொன்றுக்கு 6 மணி நேரமாக ஆண்டில் 300 நாள் நடைபெறுகிறது எனக் கொள்வோம். பணி நேரம் 1,800 மணி. பணி நேரத்தையே பகுதியாகக் கொண்டு 95 சதவீதம் என்று எழுதினால், அனுமதிக்கப்படும் முடக்கம் 90 மணி, அதாவது 15 வேலை நாட்கள். நாட்காட்டியின் முழு நேரத்தைப் பகுதியாகக் கொண்டு, முடக்கத்தையும் இரவு பகல் விடுமுறை எல்லாம் சேர்த்து எண்ணினால், முன்பு கண்டபடி 18 நாளும் 6 மணியும். இவ்விரண்டும் நேர்மையான முறைகளே.

மூன்றாவதாக ஒரு முறை உண்டு. பகுதியில் 8,760 மணியை வைத்துவிட்டு, முடக்கத்தை மட்டும் பணி நேரத்தில் எண்ணுவது. அப்போது அனுமதிக்கப்படும் 438 மணியும் பணி நேர மணிகளாகிவிடும். நாளுக்கு 6 மணி வீதம் 438-ஐ வகுக்க 73 வேலை நாட்கள். 300 வேலை நாட்களில் 73 நாள் கருவி நின்றும், ஒப்பந்தத்தின் 95 சதவீதம் நிறைவேறியதாகவே காகிதத்தில் தோன்றும். கருவி உண்மையில் உழைத்தது 76 சதவீதத்துக்கும் குறைவே. இம்முறை எப்போதும் சூழ்ச்சியால் புகுவதன்று; இரண்டு பழைய ஒப்பந்தங்களிலிருந்து இரண்டு வாக்கியங்களை எடுத்துச் சேர்க்கும் கவனக்குறைவாலும் புகுந்துவிடும். “இயங்கு நேரமும் முடக்க நேரமும் ஒரே அடிப்படையில் கணக்கிடப்படும்” என்ற ஒரு வரி இதைத் தடுத்துவிடும்.

கணக்கிடும் காலப் பகுதியும் இதே தன்மையது. 95 சதவீதத்தை மாதந்தோறும் கணக்கிட்டால், 30 நாள் மாதத்தில் 36 மணி நேர முடக்கமே அனுமதி. ஆண்டுக்கு ஒரு முறை கணக்கிட்டால், பதினெட்டு நாளையும் ஒரே மாதத்தில், மழைக் காலக் காய்ச்சல் பரவும் நேரத்திலேயே, செலவிட்டுவிட இடமுண்டு. ஆண்டுக் கணக்கில் அம்மாதம் கரைந்து மறைந்துவிடும்.

‘இயங்குகிறது’ என்றால் என்ன?

தடுப்பூசி மருந்துகளைப் பாதுகாக்கும் பனிக்கட்டி உறையிட்ட குளிர்பெட்டி, ஐ.எல்.ஆர். எனப்படுவது, எல்லாருக்கும் பழக்கமானது. 24 மணி நேரத்தில் 8 மணி மின்சாரம் கிடைத்தாலும் மருந்தைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும்படி அமைந்தது அது. அதனுள் வெப்பநிலை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரை இருத்தல் வேண்டும். இப்பெட்டியின் வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி கெட்டு, உள்ளே 0 டிகிரிக்குக் கீழே குளிர்ந்துவிட்டது எனக் கொள்வோம். பெட்டி ஓடுகிறது, விளக்கு எரிகிறது, ஓசை கேட்கிறது. இயங்கு நேரம் நூற்றுக்கு நூறு. ஆனால் ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி, ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி, டெட்டனஸ் தடுப்பூசி போன்றவை உறைந்தால் ஆற்றல் இழந்துவிடும். அவற்றைப் பின்னர் செலுத்தினாலும் குழந்தைக்குப் பாதுகாப்பு கிடைப்பது ஐயமே. முடக்கம் என்று பெயர் பெறாத இந்த ஓட்டம், முழுமையாக நின்றுபோன பெட்டியைக் காட்டிலும் தீங்கானது. நின்ற பெட்டியையாவது எவரேனும் கவனிப்பர்.

எனவே இயங்குதல் என்பதற்கு ஒப்பந்தத்திலேயே இலக்கணம் வேண்டும். குளிர்பெட்டிக்கு அது 2 முதல் 8 டிகிரி. நீராவிக் கிருமிநீக்கிக்கு, வேண்டிய நேரம் முழுவதும் 121 டிகிரி வெப்பத்தில் நிலைத்திருத்தல். சூடாவது மட்டும் போதாது. இதயத் துடிப்பை வரையும் ஈ.சி.ஜி. கருவிக்குப் பன்னிரண்டு வரைவுகளும் தெளிவாக வருதல். பதினொன்று வந்தாலும் அது முடக்கமே. ‘யந்திரம் ஓடும் நிலையில் உள்ளது’ என்று எழுதி வாங்கிச் செல்லும் சேவைச் சீட்டில், அளந்த எண் ஒன்றும் இல்லையாயின் அச்சீட்டுக்குப் பெரிய மதிப்பில்லை.

குளிர்பெட்டியைப் பொறுத்தவரை, சதவீதமே பொருந்தாத அளவுகோல் என்றுகூடச் சொல்லலாம். பழுதைக் கண்டதும் எத்தனை மணிக்குள் ஆள் வருவார், மாற்றுப் பெட்டி எங்கிருந்து எப்போது வரும் என்பவையே அங்கு மருந்தைக் காக்கும் ஷரத்துகள். 2015 முதல் மத்திய அரசு நடைமுறைப்படுத்திய மின்னணுத் தடுப்பூசி வலையமைப்பில், குளிர்பெட்டிகளின் வெப்பநிலையைத் தாமே பதிந்து அனுப்பும் கருவிகள் பொருத்தப்பட்டன. அத்தகைய பதிவு உள்ள இடத்தில் அதனையே ஒப்பந்தத்தின் சான்றாக ஏற்க வேண்டும் என எழுதிக்கொள்ளலாம்.

கடிகாரம் ஓடத் தொடங்கும் நேரம்

முடக்க நேரம் எப்போது தொடங்குகிறது? யந்திரம் நின்ற போதா, அதனை ஊழியர் கண்ட போதா, புகார் பதிவான போதா, பொறியாளர் வந்து பார்த்து ‘ஆம், பழுதுதான்’ என்ற போதா? பெரும்பாலான ஒப்பந்தங்கள் புகார் பதிவான நேரத்தையே கொள்கின்றன. அது ஏற்கத்தக்கதே, நிறுவனத்துக்குத் தெரியாத பழுதுக்கு அதனைப் பொறுப்பாக்குதல் முறையன்று. ஆனால் அதன் விளைவாக, வெள்ளி மாலை நின்ற கருவிக்குத் திங்கள் காலை புகார் செய்யும் ஊழியர் இரண்டு நாளுக்கு மேல் நிறுவனத்துக்கு இனாமாகத் தந்துவிடுகிறார். புகார் எண் இல்லாத புகார், எவ்வளவு முறை தொலைபேசியில் சொல்லியிருந்தாலும், கணக்கில் புகாரே அன்று.

‘பதில் நேரம் 24 மணி’ என்ற வாசகமும் கவனிக்கத் தக்கது. ஆள் 24 மணிக்குள் வருவார் என்பது மட்டுமே அதன் பொருள். யந்திரம் 24 மணிக்குள் ஓடும் என்பதன்று. வந்தவர் பெட்டியைத் திறந்து பார்த்து, பலகை மாற்ற வேண்டும், தலைமை அலுவலகத்திலிருந்து வரவேண்டும் என்று எழுதிச் சென்றாலும் அந்த ஷரத்து நிறைவேறியதாகும். வருகைக் காலமும் சீராக்கும் காலமும் தனித்தனியே எழுதப்படாத ஒப்பந்தத்தில், முன்னது பின்னதாக வேடம் தரித்து வரும்.

உதிரி பாகத்துக்காகக் காத்திருக்கும் நேரம் முடக்கத்தில் சேருமா என்பது அடுத்த கேள்வி. ஏ.எம்.சி. என வழங்கும் சாதாரண ஆண்டுப் பராமரிப்பில் பெரும்பாலும் உழைப்பு மட்டுமே அடங்கும். பாகத்தின் விலை வாங்கியவரைச் சாரும். சி.எம்.சி. என வழங்கும் முழுமைப் பராமரிப்பில் பாகங்களும் அடங்கும். முழுமை என்ற சொல்லைக் கேட்டு மனம் நிறைந்துவிடலாகாது. எக்ஸ்ரே குழாய், பேட்டரி, உணர்கருவிகள் போன்ற விலை உயர்ந்தனவும் தேயக் கூடியனவும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டுள்ளனவா என்று இறுதிப் பக்கத்து அட்டவணையைப் பார்த்தல் வேண்டும். மின்னழுத்த ஏற்றத்தாழ்வு, எலி கடித்த கம்பி, இடி மின்னல், தவறான கையாளுகை ஆகியவை விலக்குகளாக அதே பக்கத்தில் இருக்கும். நம்பகத்தன்மையின் இலக்கணத்தில் ‘குறிப்பிட்ட சூழ்நிலையில்’ என்ற சொற்கள் வந்தமை நினைவிருக்கலாம். அச்சூழ்நிலையை அமைத்துத் தருவது வாங்கியவர் கடமை. மின்னழுத்தச் சீராக்கியைக் கழற்றி அலுவலக விசிறிக்கு மாட்டிவிட்ட இடத்தில் நிறுவனத்தைக் குறை கூற வழியில்லை.

மூன்று ஒப்பந்தக்காரர்கள், ஒரு வாயில்

தொலைவிலுள்ள மருத்துவரைத் திரையில் கண்டு ஆலோசனை பெறும் வசதி ஒரு கிராம நிலையத்தில் உள்ளது. அதற்கு மின்சாரம், இணையத் தொடர்பு, கணினிக் கருவி ஆகிய மூன்றும் ஒரே சமயத்தில் வேண்டும். சூரிய மின்கலங்களைப் பராமரிக்க ஒருவர், தொடர்புக்கு ஒருவர், கருவிக்கு ஒருவர் என மூன்று ஒப்பந்தங்கள்; மூன்றிலும் 95 சதவீதம். மூவரும் தம் வாக்கைச் சரியாகக் காத்தனர் எனக் கொள்வோம். வசதி எத்தனை சதவீதம் கிடைக்கும்?

பழுதுகள் ஒன்றையொன்று சாராதவை எனில், மூன்றையும் பெருக்க வேண்டும்: 0.95-ஐ மும்முறை பெருக்க 0.857. ஆண்டில் ஏறத்தாழ 1,249 மணி, அதாவது 52 நாட்கள், வசதி கிடையாது. ஒவ்வொருவரும் 18 நாளே தவறினர். ஒருவரிடமும் பிடித்தம் செய்ய இயலாது. நோயாளி மட்டும் 52 நாள் திரும்பிச் செல்கிறார். தொடராக அமைந்த உறுப்புகளின் நம்பகத்தன்மையை இவ்வாறு பெருக்கிக் காணும் விதி, ஜெர்மானியப் பொறியாளர் ராபர்ட் லூசரின் (1899–1969) பெயரால் வழங்குகிறது. ஒவ்வோர் உறுப்பும் சிறந்ததாக இருந்தும் முழு அமைப்பு பழுதாவதன் காரணத்தை இவ்விதி விளக்கிற்று.

மாற்று உறுப்பு ஒன்றை இணையாக வைத்தால் கணக்கு தலைகீழாகும். 95 சதவீதம் கொண்ட இரண்டு கருவிகளில் ஏதேனும் ஒன்று ஓடினால் போதும் எனில், இரண்டும் ஒருங்கே நிற்கும் வாய்ப்பு 0.05-ஐ 0.05-ஆல் பெருக்கிய 0.0025. இயங்கு விகிதம் 99.75 சதவீதம், ஆண்டில் 22 மணிக்குச் சற்றுக் குறைவான முடக்கம். ஆனால் இரண்டும் ஒரே மின் கம்பியில் மாட்டப்பட்டிருந்தால் இக்கணக்கு செல்லாது. கம்பி அறுந்தால் இரண்டும் சேர்ந்தே நிற்கும்.

மின்சார விநியோகத்திலும் இதே இரு கேள்விகளே அளவைகளாக நிற்கின்றன. நுகர்வோர் ஒருவருக்கு ஆண்டில் சராசரியாக எத்தனை முறை மின்தடை ஏற்பட்டது என்பதை சைஃபி என்றும், மொத்தம் எவ்வளவு நேரம் தடைப்பட்டது என்பதை சைடி என்றும் குறிப்பர். மின் நுகர்வோர் உரிமைகள் குறித்து 2020-இல் மத்திய அரசு வெளியிட்ட விதிகளில் இவ்விரு அளவைகளும் இடம் பெற்றுள்ளன.

பிடித்தமும் அதன் எல்லையும்

வாக்கு மீறப்பட்டால் என்ன நேரும் என்பது எழுதப்படாவிடில், சதவீதம் வெறும் விருப்பமாகவே நிற்கும். அரசுக் கொள்முதல்களில் இரண்டு வழிகள் வழக்கத்தில் உள்ளன. ஒன்று, அனுமதித்த அளவுக்கு மேற்பட்ட முடக்க நாட்களைப் போல இரு மடங்கு நாட்களுக்கு ஒப்பந்தக் காலத்தை இலவசமாக நீட்டித்தல். மற்றொன்று, கட்டணத்தில் பிடித்தம் செய்தல். முன்னது எளிது, தகராறு குறைவு. ஆனால் அதன் பயன் ஐந்தாண்டு கழித்தே கிட்டும். அதற்குள் கருவியே கழிக்கப்பட்டுவிட்டால் பயனில்லை. இன்று கருவி நின்றதால் இன்று ஒரு ரூபாயும் கைமாறாத ஏற்பாடு எவரையும் விரைவுபடுத்துவதில்லை.

பிடித்தத்திலும் ஒரு கண்ணி உண்டு. ஆண்டுக் கட்டணம் 60,000 ரூபாய், தாமதத்துக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய் பிடித்தம், மொத்தப் பிடித்தம் கட்டணத்தில் 10 சதவீதத்தை மீறலாகாது எனக் கொள்வோம். எல்லை 6,000 ரூபாய். பன்னிரண்டாம் நாளோடு அது எட்டப்படும். பதின்மூன்றாம் நாள் முதல் கருவி நின்றாலும் ஓடினாலும் நிறுவனத்துக்கு ஒன்றே. மாற்ற வேண்டிய பாகத்தின் விலை 40,000 ரூபாய் எனில், மாற்றாமலிருப்பதே அதற்கு ஆதாயம். தீய எண்ணம் கற்பிக்க வேண்டியதில்லை. கணக்கே அவ்வாறு நடத்துகிறது. ஆகவே எல்லை எட்டிய பின் வேறொருவரைக் கொண்டு பழுது பார்த்து, அச்செலவை ஒப்பந்தக்காரரிடம் வசூலிக்கும் உரிமையையும், அதற்கு ஈடாக வங்கி உத்தரவாதத்தையும் எழுதி வாங்குதல் வேண்டும். இவ்வுரிமை இருந்தும் எவரும் பயன்படுத்தாத இடங்கள் உண்டு. பயன்படுத்தத் தேவையான தேதிகள் ஏட்டில் இல்லாமையே பெரும்பாலும் அதற்குக் காரணம்.

ஏடும் வகுப்பறையும்

அவ்வேட்டில் நான்கு நேரங்கள் வேண்டும்: கருவி நின்றது கண்டறியப்பட்ட நேரம், புகார் எண்ணுடன் அது பதிவான நேரம், ஆள் வந்த நேரம், கருவி அளந்து பார்க்கப்பட்டு மீண்டும் ஓடிய நேரம். தேதி மட்டும் எழுதினால் போதாது. மணியும் நிமிடமும் வேண்டும். ‘ரிப்பேர்’ என்ற ஒரே சொல்லும் கையொப்பமும் கொண்ட பக்கங்கள் எத்தனை இருந்தாலும், தகராறு வரும்போது நிறுவனம் தன் கணினியிலிருந்து எடுத்துக்காட்டும் பட்டியலே வெல்லும். சேவைச் சீட்டில் ஊழியர் கையொப்பமிடுமுன், அதில் எழுதப்பட்ட நேரம் தம் ஏட்டோடு ஒத்துள்ளதா எனப் பார்த்துக்கொள்ள வேண்டும். வந்தவர் அவசரப்படுவார், பேருந்துக்கு நேரமாயிற்று என்பார். ஐந்து நிமிடம் பொறுக்கச் செய்வதில் தவறில்லை.

பள்ளிகளில் எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவர்க்கு இது நல்ல செய்முறைக் கணக்காகும். குடிநீர்ச் சுத்திகரிப்பான், கணினி, கைப்பம்பு என ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒரு பருவம் முழுவதும் மாணவர் முறைவைத்து ஏடு எழுதலாம். பருவ முடிவில் முடக்கங்களின் எண்ணிக்கை, மொத்த முடக்கம், எம்.டி.பி.எஃப்., எம்.டி.டி.ஆர்., இயங்கு விகிதம் ஆகியவற்றைக் காணலாம். ஒரே ஏட்டை ஒரு குழு 24 மணி அடிப்படையிலும் மற்றொரு குழு பள்ளி நேர அடிப்படையிலும் கணக்கிட்டால், இரு விடைகளும் வேறுபடும். எது சரி என்ற வாதத்தை ஆசிரியர் உடனே தீர்த்துவைக்க வேண்டியதில்லை. பள்ளியிடம் பராமரிப்பு ஒப்பந்தம் இருக்குமாயின் அதன் நகலை வகுப்புக்குக் கொண்டுவந்து, அதில் எந்த அடிப்படை எழுதப்பட்டுள்ளது என்று மாணவர்களையே தேடச் சொல்லலாம். எதுவும் எழுதப்படவில்லை என்று அவர்கள் கண்டுபிடிப்பதும் உண்டு.

ஒப்பந்தம் முடியும் மாதத்தைக் குறித்து ஒரு சொல். அம்மாதத்தில் நேர்ந்த பழுது அடுத்த ஒப்பந்தக்காரரின் தலையில் விழுவதும், ‘எம்மிடம் வரும்போதே பழுதாக இருந்தது’ என்று அவர் மறுப்பதும் புதிதல்ல. முடிவுத் தேதிக்கு முப்பது நாள் முன்னதாக இரு தரப்பாரும் சேர்ந்து கருவியைச் சோதித்து, அளவுகளை எழுதி, அன்று வரையுள்ள புகார்களைத் தீர்த்த பின்னரே கடைசித் தவணை வழங்கப்படும் என்ற ஷரத்து இருக்குமாயின், அச்சோதனை நாளைக் களப் பணியாளர் தம் நாட்குறிப்பில் முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளலாம். ஷரத்து இல்லாவிடினும் கடைசி பில்லுக்குச் சான்று அளிக்குமுன் அச்சோதனையைக் கேட்டுப் பெறுவதற்குத் தடையேதும் இல்லை.